தரையில் கிடக்கும் பறவைக் குஞ்சு: காப்பாற்றப் போய்ச் செய்யும் தவறுகள்

சித்திரை பிறந்து வெயில் ஏறும் நாட்களில், தமிழ்நாட்டில் மனிதக் குடியிருப்புகளை ஒட்டி வாழும் மைனா, காகம், கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி போன்ற பறவைகளின் கூடுகளில் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கும். கோடை மழையோடு வரும் காற்றில் கூடு சரிவதும், கிளை வெட்டும்போது கூடு கலைவதும், பறக்கப் பழகும் குஞ்சு தரையில் இறங்கி நிற்பதும் இந்தக் காலத்தில்தான் அதிகம். அப்படித் தரையில் காணும் குஞ்சைப் பலர் இரக்கத்தோடு எடுத்து வருகிறார்கள். ஆனால் விழுந்த அடியைத் தாங்கிப் பிழைத்த குஞ்சு, வீட்டில் ஊட்டப்பட்ட பாலாலும் தண்ணீராலும் ஓரிரு நாளில் இறந்துபோவதுண்டு. அதைவிட வருத்தம் தருவது, தாயும் தந்தையும் பக்கத்து மரத்திலேயே இரையோடு காத்திருக்க, அனாதை என்று நினைத்து எடுத்துவரப்படும் குஞ்சுகளின் நிலை.

ஆகவே முதல் தவறு, பார்த்தவுடன் எடுப்பது. தரையில் காணப்படும் குஞ்சுகளில் இரண்டு நிலைகள் உண்டு. உடலில் இறகே இல்லாமல், அல்லது முள்போன்ற இறகு முளைகள் மட்டுமே தெரிய, கால் ஊன்றி நிற்க முடியாமல் கிடப்பது கூட்டுக்குஞ்சு. அது கூட்டுக்கு வெளியே இருக்க வேண்டிய உயிரன்று. அதற்கு உதவி தேவை. உடல் முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நகர்ந்து, விரலை நீட்டினால் பற்றி உட்காரும் அளவுக்கு வளர்ந்திருப்பது கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. பல பறவைகளின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கப் பழகுவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடுகின்றன. அதன்பின் சில நாட்கள், சில இனங்களில் இரண்டு வாரங்களுக்கு மேலும், பெற்றோர் அவற்றைத் தேடிவந்து புதரிலும் தாழ்ந்த கிளையிலும் தரையிலுமாக இரை ஊட்டுகின்றன. இந்த நாட்களில்தான் இரை எது, எதிரி எது, எந்தக் குரலுக்கு ஒளிய வேண்டும் என்பதையெல்லாம் குஞ்சு கற்றுக்கொள்கிறது. எத்தனை அக்கறையோடு வளர்த்தாலும் ஒரு மனிதரால் அந்தக் கல்வியை முழுமையாகத் தர முடியாது.

தவிட்டுக்குருவியின் குஞ்சு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கூட்டமாக வாழும் இந்தப் பறவைகளில் பெற்றோர் மட்டுமின்றிக் கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களும் குஞ்சுக்கு இரை கொண்டுவருகின்றன. குட்டை வாலோடு வேலியோரத்தில் தனியே நிற்பதுபோல் தெரியும் ஒரு குஞ்சுக்குப் பின்னால், இலைச்சருகைக் கிளறியபடி ஒரு குடும்பமே இருக்கக்கூடும். காகக் குஞ்சின் நிலையும் இதுபோன்றதே. நம் தலைக்கு மேல் இரண்டு காகங்கள் கத்திக்கொண்டு பாய்ந்து வருகின்றன என்றால், அந்தக் குஞ்சு கைவிடப்படவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. காகங்கள் ஊட்டும் குஞ்சு குயிலின் குஞ்சாகவும் இருக்கலாம். அப்போதும் அதை வளர்த்து ஆளாக்குவது அந்தக் காகங்களின் வேலையே.

எனவே இறகு முளைத்த குஞ்சைக் கண்டால், அதனருகில் நில்லாமல் தள்ளிச் சென்று, சன்னலுக்குப் பின்னாலோ சுவர் மறைவிலோ இருந்து ஒன்றிரண்டு மணி நேரம் கவனிக்க வேண்டும். நாம் அருகில் நிற்கும்வரை பெற்றோர் இறங்கி வர மாட்டா. அதைப் பார்த்துவிட்டு, தாய் வரவே இல்லை என்று முடிவு செய்வது மிகப் பொதுவான பிழை. பூனை, நாய், வண்டி ஆகியவற்றால் ஆபத்து இருக்குமானால், குஞ்சைக் கையில் எடுத்து அதே இடத்தில் உள்ள அடர்ந்த செடியிலோ தாழ்ந்த கிளையிலோ உட்கார வைத்தால் போதும். நம் வீட்டுப் பூனையைச் சில நாட்கள் உள்ளேயே வைத்திருப்பது அதைவிடப் பெரிய உதவி.

மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சை ஏற்காது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது உண்மையன்று. நாம் தொட்ட வாடைக்காகப் பறவைகள் தம் குஞ்சை ஒதுக்குவதில்லை. இந்தத் தவறான நம்பிக்கையால், கூட்டில் திரும்ப வைத்தாலே பிழைத்திருக்கக்கூடிய குஞ்சுகள் அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் குஞ்சை அதிலேயே வைத்துவிடலாம். கூடு சிதைந்துபோயிருந்தால் ஒரு சிறு ஓலைக் கொட்டானையோ, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவையோ எடுத்து, காய்ந்த புல்லைப் பரப்பி, பழைய கூடு இருந்த கிளைக்கு மிக அருகில் நிழலான இடத்தில் இறுகக் கட்டி, அதனுள் குஞ்சை வைக்கலாம். மழைநீர் தேங்காதபடி அடியில் துளை இருப்பது முக்கியம். பெற்றோர் வந்து ஊட்டுகின்றனவா என்று தொலைவிலிருந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும்.

பெற்றோர் இறந்தது உறுதியாகத் தெரிந்தாலோ, இறக்கை தொங்கினாலோ, இரத்தம் வந்தாலோ, எறும்பு மொய்த்திருந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ குஞ்சை எடுக்கத்தான் வேண்டும். பூனை கவ்விய குஞ்சைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பூனையின் பல்லிலும் எச்சிலிலும் உள்ள பாக்டீரியா விரைவில் இரத்தத்தில் பரவிவிடும். சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து (ஆன்டிபயாடிக்) தொடங்காவிட்டால் அத்தகைய குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை. காயத்தின்மேல் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசுவது நம் வழக்கம். ஆனால் எண்ணெய் பட்ட இறகுகள் ஒட்டிக்கொண்டு, உடல் சூட்டைக் காக்கும் திறனை இழந்துவிடும். மனிதர்களுக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பது இதைவிடக் கொடிய தவறு.

எடுத்து வந்த குஞ்சுக்கு உடனே எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். குளிர்ந்துபோன குஞ்சால் உண்டதைச் செரிக்க முடியாது. உணவு, தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்துவைக்கும் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்து, அதுவே அதைக் கொன்றுவிடும். முதலில் வெப்பம், அதன்பின் உணவு என்ற வரிசையை ஒருபோதும் மாற்றக்கூடாது. இறகு முளைக்காத குஞ்சைச் சுற்றி ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தால், சூடு மிகும்போது வெப்பம் குறைந்த பக்கத்துக்கு நகர அதற்கு இடம் இருக்கும். இறகில்லாத சிறு குஞ்சால் நகர முடியாது என்பதால் அதை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சென்னையிலோ மதுரையிலோ கத்திரி வெயில் காலத்துப் பகலில் அறையே 35 டிகிரியைத் தாண்டிவிடுவதால், அப்போது மேலும் சூடு கொடுத்தால் குஞ்சு வெந்துபோகும். வாயைத் திறந்தபடி இரைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தால் சூடு அதிகம் என்று பொருள். இரவிலும் ஏசி அறையிலும் நிலைமை இதற்கு நேர்மாறு.

பெட்டிக்குள் வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால்கள் விரிந்து விலகி, அப்படியே ஊனமாகிவிடும். ஒரு சிறு கிண்ணத்தில் மெல்லிய காகிதத் துடைப்பான்களைக் கூடுபோல் வளைத்து அடுக்கி, கால்கள் உடலுக்கு அடியில் மடங்கியிருக்கும்படி உட்கார வைப்பதே சரி. நூல் பிரியும் துணியோ பஞ்சோ வேண்டாம். அவை நகங்களிலும் கால்களிலும் சுற்றிக்கொள்ளும். பெட்டியை எறும்பு ஏறாத இடத்தில் வைக்க வேண்டும், ஏனெனில் இரவில் எறும்பு மொய்த்தால் குஞ்சால் தப்பிக்க முடியாது. பறக்கத் தொடங்கிய குஞ்சு உள்ள அறையில் மின்விசிறியை ஓட விடவே கூடாது.

தண்ணீர் ஊட்டுவதே வீடுகளில் நிகழும் தவறுகளில் மிக ஆபத்தானது என்று கருதுகிறேன். பறவையின் மூச்சுக்குழாய்த் திறப்பு நாக்கின் அடியை ஒட்டி, வாயின் தரையிலேயே இருக்கிறது. இங்க் ஃபில்லரால் நாம் விடும் சொட்டுகள் அந்தத் திறப்பின் வழியே எளிதில் நுரையீரலை அடைந்துவிடும். குஞ்சு இருமுவதுபோல் தலையை உதறி, மூக்குத் துளையில் குமிழி விட்டு, சில மணி நேரத்திலோ மறுநாளோ இறந்துபோகும். கூட்டில் எந்தத் தாயும் குஞ்சுக்குத் தண்ணீரைத் தனியே ஊட்டுவதில்லை என்றே பெரும்பாலான இனங்களைப் பற்றிச் சொல்லலாம்; இரையில் உள்ள ஈரமே போதுமானது. நாமும் உணவை ஈரமாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உணவு. பாலில் நனைத்த ரொட்டி, பால்சோறு, குழந்தைகளுக்கான பால் கலந்த சத்துமாவு ஆகியவைதான் வழக்கமாக ஊட்டப்படுகின்றன. பறவை பாலூட்டியன்று, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் அதற்கு இல்லாததால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உடல் நீர் வற்றிவிடும். சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்புமே தவிர, நாள்தோறும் எடை கூடவேண்டிய ஓர் உடலுக்குத் தேவையான புரதத்தைத் தருவதில்லை. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதானே என்று நொய்யை ஊட்டுபவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே தேடிக் கொண்டுவருகிறது. தேன்சிட்டுக் குஞ்சுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுப்பதும் இதே பிழை. தேன்சிட்டுகள் குஞ்சுகளுக்குச் சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் ஊட்டுகின்றன.

மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, காகம் ஆகியவற்றின் குஞ்சுகள் மேல்நோக்கி வாயை அகலத் திறந்து இரை கேட்பவை. மருத்துவரிடமோ மீட்பு மையத்திடமோ சேர்க்கும்வரை, தண்ணீரில் நன்றாக ஊறி மென்மையான பூனைத் தீவனம், மசித்த அவித்த முட்டை, தலையும் காலும் நீக்கிய வெட்டுக்கிளி போன்றவற்றைச் சிறு துண்டுகளாக, மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் அவற்றின் வாயின் பின்புறத்தில் வைக்கலாம். இறைச்சித் துண்டுகளை மட்டுமே கொடுத்து வளர்த்தால் கால்சியம் குறைந்து எலும்பு வளைந்துவிடும். பூச்சிமருந்து அடித்த வயலிலிருந்து பிடித்த பூச்சி நஞ்சாகும். புறாக் குஞ்சு இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. அது வாயைத் திறந்து கேட்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து, தாயின் தீனிப்பையில் சுரக்கும் பால்போன்ற உணவை உறிஞ்சிக்கொள்ளும். அதன் அலகைப் பிளந்து மைனாவுக்குக் கொடுப்பதையே திணிப்பதால் தொண்டை கிழிகிறது. புறாவையும் கிளியையும் பொறுத்தவரை, தீனிப்பை காலியாகுமுன் மீண்டும் மீண்டும் ஊட்டுவதும், கை பொறுக்காத சூட்டில் கூழ் ஊட்டித் தீனிப்பையைச் சுட்டுவிடுவதும் அடிக்கடி நேர்கின்றன.

பூச்சி தின்னும் சிறு குஞ்சுக்கு விடியற்காலை முதல் அந்திவரை 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை உணவு வேண்டும். இறகு மூடிய பிறகும் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை வேண்டும். இரவில் ஊட்ட வேண்டியதில்லை. காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் ஒருவரால் இதைச் செய்ய முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்வது குஞ்சுக்குச் செய்யும் நன்மை. புழு பூச்சியைக் கையால் தொட மனம் ஒப்பாத வீடுகளுக்கும் இது பொருந்தும்; அதில் குறை ஏதுமில்லை, ஆனால் பருப்பும் பழமும் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு வாரத்தைக் கடத்திவிடக்கூடாது.

உண்மையில், வீட்டிலேயே வளர்த்துவிடலாம் என்ற எண்ணம்தான் பிற தவறுகளுக்கெல்லாம் வாசலாகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் காட்டுப்பறவைகளைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். காட்டுயிர் ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறை அலுவலரிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சென்னையில் கிண்டியிலுள்ள வனத்துறை அலுவலகம், புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களை அணுகலாம். மற்ற மாவட்டங்களில் வனச்சரக அலுவலகமும் அரசு கால்நடை மருத்துவமனையும் இருக்கின்றன. உழவாரன் (பறந்தபடியே பூச்சி பிடிக்கும் ஸ்விஃப்ட் பறவை), ஆந்தை, வல்லூறு ஆகியவற்றின் குஞ்சுகளை வீட்டில் வளர்க்க முயலவே கூடாது. உழவாரனைப் பறக்க வைப்பதாக எண்ணி மேலே வீசுவதும் கூடாது. அடிபட்ட அல்லது முதிராத பறவை அப்படியே தரையில் மோதும்.

ஒப்படைக்கும்வரை குஞ்சோடு பேசி, தோளில் உட்கார வைத்து, குழந்தைகளுக்குக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருப்பது அன்பு போலத் தெரிந்தாலும் அதற்குத் தீங்கே. மனித முகத்தைத் தன் இனமாகப் பதித்துக்கொண்ட காகமோ கிளியோ ஆந்தையோ பின்னாளில் தன் இனத்தோடு சேராது, எதிரிக்கும் அஞ்சாது. ஊட்டும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பெட்டியை மூடி, அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். தொடும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஒரே இடத்தில் பல காகங்கள் இறந்து கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மீட்பு மையத்தின் வழிகாட்டுதலோடு வளர்ந்த குஞ்சை விடுவிப்பதிலும் அவசரம் கூடாது. இறக்கையடித்துப் பறந்துவிட்டது என்பது மட்டும் போதாது. தரையில் ஓடும் பூச்சியைத் தானே பிடித்துத் தின்ன வேண்டும். உயரத்துக்கு ஏறிப் பறக்க வேண்டும். நனைந்தால் இறகில் நீர் ஒட்டாமல் உருண்டோட வேண்டும். மனிதர் நெருங்கினால் விலக வேண்டும். மாலையிலோ மழை நாளிலோ விடாமல், வானம் தெளிந்த ஒரு காலைப்பொழுதில், அதே இனப் பறவைகள் நடமாடும் இடத்தில், முடிந்தால் அது கிடைத்த இடத்துக்கு அருகிலேயே விட வேண்டும். முதல் சில நாட்கள் அது இரை தேடித் திரும்பி வரக்கூடும் என்பதால், வழக்கமான உணவை அதே இடத்தில், அதே நேரத்தில், பூனை எட்டாத உயரத்தில் வைத்து, அது வருவது குறையக் குறைய அளவையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.