புது அம்மாவுக்கு ஹெல்ப் பண்றேன்னு நாம பண்ற தப்புங்க

பிரசவ வார்டுக்கு புதுசா ட்யூட்டிக்கு வர்ற பொண்ணுங்கள பாத்தா சிரிப்பும் வருது எரிச்சலும் வருது, நான் வந்த புதுசுல பண்ண அதே கோளாறெல்லாம் அச்சு மாறாம பண்றாங்க. கூட இருக்க வர்ற சொந்தக்காரங்களும் அப்படித்தான். கை கழுவிட்டு தூக்குங்க, தலைய தாங்கி பிடிங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லிடுவாங்க, அத விட்டுடறேன். அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவுல நாம போய் நிக்கிறோமே, அத மட்டும் பேசுவோம்.

"பாத்ததும் அழுகை வந்துச்சா?"ன்னு கேக்கறது

கேக்காதீங்க. நிறைய பேருக்கு அந்த நேரத்துல அசதிய தவிர ஒண்ணுமே தோணாது. 1980ல ராப்சன், குமார்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டதுல, முதல் குழந்தை பெத்தவங்கள்ல 40 சதவீதம் பேர் குழந்தைய முதல்ல கையில வாங்குனப்போ பெருசா எதுவும் தோணலன்னு சொல்லியிருந்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாரத்துக்குள்ள பாசம் வந்துடுச்சு. நீங்க கேட்டு வச்சீங்கன்னா, தனக்கு மட்டும்தான் இப்படியோன்னு அவ உள்ளுக்குள்ள குமைய ஆரம்பிச்சிடுவா.

குழந்தை அழுததும் அம்மா கையிலருந்து பிடுங்கறது

இத பாத்தா இன்னைக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும். ஒரு பொண்ணு, முதல் குழந்தை, சிசேரியன். பையன் சிணுங்குனதும் பாவம் வலியோட அவன தோள்ல போட பாக்குறா, இன்னும் சரியா சாச்சுக்க கூட இல்ல, அதுக்குள்ள பக்கத்துல இருந்தவங்க "குடு குடு உனக்கு பழக்கமில்ல"ன்னு வாங்கி ரெண்டு தட்டு தட்டுனாங்க, அவனும் கப்புனு அடங்கிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சேந்து சிரிச்சா. அப்புறம் தையல் காட்ட வந்தப்போ குழந்தை அழுதுச்சு, இவ குழந்தைய பாக்கவே இல்ல, யாரு வந்து வாங்குவாங்கன்னு சுத்தி முத்தி பாக்குறா, ரெண்டு கையும் மடியிலேயே கிடக்கு. "என்கிட்ட வந்தாலே அழுவான் சிஸ்டர், நீங்களே வச்சுக்கோங்க"ன்னா.

அவன் அழுததுக்கு அவ ராசி காரணம் இல்லங்க. அம்மாவோட வாசனை பிறந்த சில நாள்லயே குழந்தைக்கு பிடிபட்டுடும், பால் வாசனை அடிச்சா தேடும், முண்டும், கத்தும். நம்மகிட்ட அந்த வாசனை இல்ல, அதனால அடங்குது, இதுல நம்ம கைராசி எங்க வந்துச்சு? அம்மா குரல் வயித்துக்குள்ள இருக்கும்போதே கேட்டு பழகுனது, கண்ணு தெளிவா தெரியறது 20லருந்து 30 சென்டிமீட்டர் தூரம், அதாவது மாருலருந்து அவ முகம் வரைக்கும். எல்லாமே அவள நோக்கித்தான் இருக்கு, நடுவுல கைய நீட்டறது நாம.

முழங்கைக்கு அடியில தலகாணி வைங்க, முதுகுக்கு முட்டு குடுங்க, பக்கத்துல உக்காருங்க, அவ கேக்குற வரைக்கும் வாங்காதீங்க. துணி, சமையல், போன், பாக்க வர்றவங்க, இதெல்லாத்தையும் தாராளமா பிடுங்கிக்கோங்க. அவ தூங்கணும்னா குழந்தைய வச்சுக்கறது நல்லதுதான், ஆனா கேட்டுட்டு வாங்குங்க.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு. குழந்தை எப்பவும் வேற யாரோ கையில இருந்தா, அம்மா அத தொடறதே இல்லங்கறது யாரு கண்ணுலயும் படாது.

"எல்லாம் சரியாயிடும்"

பிரசவத்துக்கப்புறம் முதல் ரெண்டு வாரம் காரணமில்லாம அழறது சகஜம். அதுக்கு மேலயும் போனா, இல்ல குழந்தைய பாத்தா வெறுமையா இருக்குன்னு சொன்னா, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. பிரசவத்துக்கப்புறம் வர்ற மனச்சோர்வ கண்டுபிடிக்க 1987லருந்து எடின்பரோ அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, பத்தே கேள்வி, கடைசி கேள்வி தன்னையே காயப்படுத்திக்கற எண்ணம் வந்துச்சான்னு. அத நேராவே கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துடாது. குழந்தை தூங்குனாலும் இவளுக்கு தூக்கமே இல்ல, சம்பந்தமில்லாம பேசறா, யாரோ பேசற மாதிரி கேக்குதுங்கறான்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க, அப்பவே ஆஸ்பத்திரி, அதுவரைக்கும் தனியா விடாதீங்க.

"முதல் மணி நேரம் போச்சே"

போனா போகட்டும். பிறந்த முதல் மணி நேரத்துலயே குழந்தைய அம்மா நெஞ்சுல போட முடிஞ்சா ரொம்ப நல்லது, குழந்தை ஐசியூல இருந்தா அப்புறம் போட்டுக்கலாம், ஒட்டுதல் வராதுன்னு பயமுறுத்தாதீங்க.

மத்த குழந்தையோட கம்பேர் பண்றது

வேண்டாம்.

அப்பாவ வாசல்லயே நிறுத்தறது

அவரும் சட்டைய கழட்டிட்டு குழந்தைய நெஞ்சுல போட்டுக்கலாம். டயபர் மாத்த முதல் நாளே சொல்லிக் குடுங்க, தப்பா கட்டுனா கட்டட்டும், நின்னு கமென்ட் அடிக்காதீங்க.