பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியையே எடுத்துக்கொள்வோம். சீசன்வாரியாக அட்டவணை போடுங்கள்: வெற்றி, தோல்வி, பயிற்சியாளர், கடைசி ஆட்டம். சீசன் இரண்டு ஆண்டுகளில் விழுவதால் ‘1994-95’ என்றே எழுதுங்கள். ஒற்றை ஆண்டு போட்டால் கணக்கு இடறும். அந்த சீசனில் 35 ஆட்டம், 35 வெற்றி, முதல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டம். என்சிஏஏ மகளிர் போட்டி தொடங்கியதே 1982இல்தான். வேறு அணிகளின் அதற்கு முந்தைய ஏஐஏடபிள்யூ (அப்போது மகளிர் கல்லூரி விளையாட்டை நடத்திய அமைப்பு) பட்டங்களை இதோடு கூட்டிவிடாதீர்கள்.

பலர் சறுக்குவது தொடர் வெற்றிக் கணக்கில். கனெக்டிகட் தொடர்ந்து பெற்ற 111 வெற்றிகள் மூன்று சீசன்களில் பரவிக் கிடக்கின்றன. சீசன் மொத்தத்தில் தெரியாது, தேதிவாரியாக எண்ண வேண்டும். 2017 என்சிஏஏ அரையிறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணி கூடுதல் நேரத்தில் 66-64 என்று வென்று அந்தத் தொடரை முடித்தது. ‘கூ.நே.’ என்று குறிக்க மறந்தால் ஆட்டத்தின் பாதிக் கதை போச்சு!

2015-16 முதல் இரு பாதிகள் போய் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன. ஸ்கோர் கட்டங்களை அதற்கேற்ப மாற்றுங்கள்.