தண்டும் நகர்கிறது, புலமும் மாறுகிறது: மின்னியக்கு விசை காண்பது எப்படி?

இரண்டு இணைத் தண்டவாளங்கள், ஒரு முனையில் மின்தடை, குறுக்கே வழுக்கும் உலோகத் தண்டு. காந்தப்புலம் நிலையாக இருந்தால், சுற்றில் மின்னோட்டத்தை ஓட்டும் மின்னியக்கு விசையை (வோல்ட்டில் அளப்பது) புலம் × நீளம் × வேகம் என்று எழுதி முடித்துவிடலாம்; நீளம் என்பது தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தண்டின் நீளம். புலமும் நேரத்தோடு மாறினால் அதே பழக்கத்தில் கை ஓடும். விடையில் ஒரு பங்கு விட்டுப்போகும். அதனால் சூத்திரத்தை மறந்துவிட்டுக் காந்தப்பாயத்திலிருந்தே (சுற்றின் பரப்பைக் கடக்கும் மொத்தப் புலம்) தொடங்குங்கள்.

முதலில் திசை. புலம் தாளுக்குள் செல்கிறது, அது நேர்க்குறி என்று வைத்துக்கொள்வோம். இதை இடையில் மாற்றவே கூடாது.

அடுத்து பாயம் = புலம் × நீளம் × தூரம். தூரம் என்பது மின்தடை உள்ள முனையிலிருந்து தண்டு வரை. புலம், தூரம் இரண்டும் நேரத்தைச் சார்ந்தவை. மின்னியக்கு விசையின் அளவு பாயம் மாறும் வீதம்தான். ஆகவே பாயத்தை நேரத்தைக் கொண்டு வகையிடும்போது பெருக்கல் விதிப்படி இரண்டு உறுப்புகள் வரும்:

மின்னியக்கு விசையின் அளவு = நீளம் × (தூரம் × புலம் மாறும் வீதம் + புலம் × வேகம்)

எண்களைப் போட்டு, 1 வினாடி ஆன கணத்தில் மின்னியக்கு விசை என்னவென்று பார்ப்போம். நீளம் 0.30 மீ, மின்தடை 0.60 ஓம். புலம் 0 வினாடியில் 0.40 டெஸ்லா, வினாடிக்கு 0.20 டெஸ்லா கூடுகிறது. தண்டு 0.10 மீட்டரில் புறப்பட்டு வினாடிக்கு 0.50 மீ விலகிச் செல்கிறது. 1 வினாடியில் புலம் 0.60 டெஸ்லா, தூரம் 0.60 மீ. புல மாற்றத்தால் 0.036 வோல்ட், நகர்வால் 0.090 வோல்ட், மொத்தம் 0.126 வோல்ட். மின்னோட்டம் 0.21 ஆம்பியர். பாயம் கூடுவதால் லென்ஸ் விதிப்படி (தூண்டப்படும் மின்னோட்டம் பாய மாற்றத்தை எதிர்க்கும்) அது இடஞ்சுழியாக ஓடும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. தூரத்துக்குத் தொடக்க மதிப்பான 0.10 மீட்டரையே போடுவது ஒன்று. மற்றது, பாய வேறுபாட்டை நேரத்தால் வகுப்பது: (0.108 − 0.012) ÷ 1 = 0.096 வோல்ட். இது முதல் வினாடியின் சராசரி. கேட்டது அந்தக் கண மதிப்பு.

விடை சரியா என்று ஆற்றலை வைத்துச் சோதிக்கலாம். தண்டின் மீதான காந்த விசை 0.60 × 0.21 × 0.30 = 0.0378 நியூட்டன், நகர்வுக்கு எதிராக. சீரான வேகத்தில் இழுப்பவர் தரும் திறன் 0.0189 வாட். மின்தடையில் வெப்பமாவதோ 0.02646 வாட். குறையும் 0.00756 வாட் எங்கிருந்து வந்தது? புலத்தை ஏற்றும் மூலத்திலிருந்து: 0.036 × 0.21. கணக்கு நேராகிறது. இதில் சுற்றின் தன் தூண்டலையும் (சுற்றின் மின்னோட்டமே உண்டாக்கும் பாயத்தின் விளைவு) தண்டவாளங்களின் மின்தடையையும் விட்டிருக்கிறோம். தண்டவாளத்துக்கும் மின்தடை உண்டென்றால், தண்டு நகர நகர அது கூடும்.

புலம் அதே வீதத்தில் குறைந்துகொண்டிருந்து, அந்தக் கணத்தில் 0.60 டெஸ்லாவாகவே இருந்தால் முதல் உறுப்பு எதிர்க்குறி பெறும்: 0.090 − 0.036 = 0.054 வோல்ட். கூட்டுவதா கழிப்பதா என்று யோசிக்கவே தேவையில்லை. மாறும் வீதத்தின் குறியே சொல்லிவிடும்.

தேர்வுகளில் பிடித்தமான கேள்வி: மின்னோட்டமே வராதபடி புலம் எப்படி மாற வேண்டும்? புலம் × தூரம் மாறாதிருந்தால் போதும். நம் எண்களில் அந்தப் பெருக்கல் 0.04; ஆகவே 1 வினாடியில் புலம் 0.04 ÷ 0.60, சுமார் 0.067 டெஸ்லாவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.