பழைய ரவுட்டருக்கு ரேம் வாங்கும் முன் இரண்டு எண்களைக் கூட்டிப் பாருங்கள்

வீட்டில் நெட்வொர்க் பழகும் லேபுக்குப் பழைய சிஸ்கோ 1841 அல்லது 2811 ரவுட்டர் வாங்கியிருந்தால், ரேம் தேடுவதற்கு முன் 'ஷோ வெர்ஷன்' கட்டளையைக் கொடுங்கள். 'பைட்ஸ் ஆஃப் மெமரி' என்று முடியும் வரியில் சாய்கோட்டின் இரு பக்கமும் உள்ள எண்களைக் கூட்டி, 1024ஆல் வகுங்கள். 236544கே/25600கே என்று இருந்தால் மொத்தம் 262144கே, அதாவது 256 எம்பி.

சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ், இருக்கிற ரேமை ப்ராசஸருக்கு ஒரு பங்கு, பாக்கெட் பஃபர்களுக்கு (கடந்து போகும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்கிறது. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் 231 எம்பிதான் இருக்கிறது என்று நினைத்து, தேவையில்லாமல் இன்னொரு மாட்யூல் வாங்குகிறார்கள். கூட்டுத்தொகையை, நீங்கள் ஏற்றப்போகும் ஐஓஎஸ் இமேஜுக்கு (இயங்குதளக் கோப்பு) வேண்டிய குறைந்தபட்ச ரேமோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே செலவு செய்யுங்கள்; போதாத ரேமில் இமேஜ் பூட் ஆகாமல் நின்றுவிடும்.

இமேஜைச் சேமித்து வைக்கும் ஃப்ளாஷுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் அளவு அதே திரையில் கீழே, 'காம்பேக்ட்ஃப்ளாஷ்' என்ற தனி வரியில் வரும். ரேம் ஸ்லாட் காலியா என்பதும் இதில் தெரியாது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஐஓஎஸ் எக்ஸ்இ ஓடும் புதிய ரவுட்டர்களில் மெமரி பகிர்வே வேறு என்பதால், அங்கே இந்தக் கூட்டலை நம்ப வேண்டாம்.