ரெப்போ இறங்கியது, உங்கள் வீட்டுக்கடன் வட்டி இறங்கியதா?

2025-இல் மட்டும் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை) 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் 2019 அக்டோபருக்கு முன் வங்கியில் கடன் வாங்கியவர்கள் பலருக்கு இந்தப் பலன் முழுதாக வந்திருக்காது. அந்தக் கடன்கள் எம்சிஎல்ஆர் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே கணக்கிடும் வட்டி) போன்ற பழைய கணக்கில் ஓடுகின்றன. அங்கே வட்டி மெதுவாகத்தான் இறங்கும்.

என் அக்காவின் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தபோது, வட்டி விகிதத்துக்குப் பக்கத்திலேயே 'எம்சிஎல்ஆர்' என்று இருந்தது. இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. உங்களுடையதையும் இன்றே பாருங்கள். அப்படி இருந்தால், ரெப்போவுடன் இணைந்த வட்டிக்கு மாற்றச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். சிறு கட்டணம் கேட்கலாம், பெரும்பாலும் அது கட்டுபடியாகும். புது வட்டி எவ்வளவு என்பதை மட்டும் முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், வட்டி குறைந்தால் மாதத் தவணையைக் குறைக்காதீர்கள். 30 லட்சம், 20 வருடம் பாக்கி, வட்டி 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 26,990 ரூபாய். வட்டி 7.75 ஆனபிறகும் அதே தொகையைக் கட்டினால், கடன் சுமார் மூன்றரை வருடம் முன்னதாகவே முடியும்.