ரேடியேட்டரை எங்கே பொருத்துவது?

கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலிலும் கணினியை நாள் முழுதும் இயக்குவோர், லிக்விட் கூலரின் (பிராசசரின் சூட்டைக் குழாய்களில் ஓடும் திரவத்தால் அகற்றும் கருவி) ரேடியேட்டரை, அதாவது அத்திரவத்தைக் குளிர்விக்கும் பகுதியை, கேபினெட்டின் மேற்பகுதியில், விசிறிகள் வெப்பக்காற்றை வெளியே தள்ளுமாறு பொருத்துவதே நல்லது. குழாய்களுக்குள் சிறிதளவு காற்று எப்போதும் இருக்கும். அது உயரமான இடத்தில் போய்த் தங்குவதால், பிராசசர் மீதுள்ள பம்பைவிட ரேடியேட்டரின் மேல்முனை கட்டாயம் உயர்ந்திருக்க வேண்டும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் வைத்தால் காற்றுக்குமிழ்கள் பம்பில் சிக்கி, கரகரவென்ற ஓசை எழுந்து, நாளடைவில் பம்பே பழுதாகக்கூடும்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்: 27 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் சேர்ந்து 52 மி.மீ. அடைக்கும், ரேம் உயரமானதாக இருந்தால் இடிக்கும். மேலே இடமில்லையெனில், குழாய்கள் கீழ்ப்பக்கம் வருமாறு முன்புறம் பொருத்தலாம். பிராசசர் குளிரும், கிராபிக்ஸ் கார்டு சற்றுச் சூடாகும். கிரானைட் பட்டறைகளுக்கு அருகில் வசிப்போர் முன்புற வலையை அடிக்கடி கழற்றித் துடைப்பது அவசியம்.