மருத்துவ இடம் கிடைக்காத ஆண்டுக்குப் பிறகு: நீட் தேர்வை மீண்டும் எழுதும் குமரி மாவட்ட மாணவருக்கு ஒரு வழிகாட்டி

கலந்தாய்வின் கடைசிச் சுற்றும் முடிந்து, எம்.பி.பி.எஸ். இடம் இல்லை என்பது உறுதியானதும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி, எந்தப் பயிற்சி மையத்தில் சேர்ப்பது என்பதாகவே இருக்கிறது. நாகர்கோவிலிலா, திருவனந்தபுரத்திலா, விடுதியோடு சேர்ந்த தூரத்து ஊரிலா என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தக் கேள்வியைச் சில வாரங்கள் தள்ளிவைக்கும்படி மாணவரையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். இடம் ஏன் கைநழுவியது என்பதைக் கண்டறியாமல் தொடங்கப்படும் இரண்டாம் ஆண்டு, பெரும்பாலும் முதல் ஆண்டின் மறுபதிப்பாகவே முடிகிறது.

காரணம் இரண்டு இடங்களில் இருக்கக்கூடும். ஒன்று மதிப்பெண், மற்றொன்று விண்ணப்பமும் சான்றிதழ்களும் கலந்தாய்வும். நீட் தேர்வில் தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நிற்பதற்கு ஒரு சான்றிதழே காரணமாக அமையலாம் என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள்.

மதிப்பெண்ணை எடைபோடும்போது அதை மட்டும் பார்க்கக் கூடாது. 2024-இல் திருத்தப்பட்ட முடிவின்படி 17 பேர் முழுமையாக 720 பெற்றார்கள். 2025-இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. வினாத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு மாறும்போது, கடந்த ஆண்டு இத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கை அப்படியே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவது ஏமாற்றத்தில் முடியும். மாநிலத் தரவரிசையில் உங்கள் எண் என்ன, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் எத்தனையாவது இடம், அந்தப் பிரிவில் கடைசியாக அரசு இடம் பெற்றவர் எங்கே இருந்தார் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இடைவெளி சில நூறு தரவரிசை எண்கள்தானா, பல ஆயிரமா என்பதைப் பொறுத்தே இன்னோர் ஆண்டைச் செலவிடுவது பற்றி நேர்மையாக முடிவெடுக்க முடியும்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது கிடைக்கிறது. குமரியில் அரசு உதவி பெறும் பள்ளிகள் மிகுதி. கட்டணமில்லாமல் படித்ததால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று எண்ணியிருக்கும் குடும்பங்களும் உண்டு. உதவி பெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் சேராது. மாறாக, உண்மையிலேயே தகுதி உள்ள ஒருவர் இடையில் பள்ளி மாறியிருந்தால், படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்தும் படிப்புச் சான்று பெற்றாக வேண்டும். அதை ஜூன் மாதப் பரபரப்பில் தேடாமல் இப்போதே வாங்கிவைப்பது நல்லது.

இரண்டாவது, எல்லை. விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் வாழும் பிள்ளைகளில் சிலர், பெற்றோரின் வேலை காரணமாகச் சில வகுப்புகளைப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ படித்திருப்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் ஏதேனும் ஒன்றை வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் தேவைப்படும். இரண்டு மாநிலங்களிலும் தம்மை அந்த மாநிலத்தவர் என்று கூறி விண்ணப்பிப்பது பெரும் தவறு. அது கண்டறியப்பட்டால் இரண்டு இடங்களும் போய்விடும்.

மூன்றாவது, சமூகச் சான்றிதழ். திருவிதாங்கூரோடு இருந்து 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த பகுதி என்பதால், அரசின் சமூகப் பட்டியல்களில் சில பெயர்கள் ‘கன்னியாகுமரி மாவட்டம் மற்றும் செங்கோட்டை வட்டம்’ என்ற குறிப்போடு இடம்பெற்றிருக்கின்றன. உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துகளும் பட்டியலில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு, அரசு மருத்துவக் கல்லூரிகளில் எல்லா மாநிலத்தவருக்கும் பொதுவான அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்கு மாநிலச் சான்றிதழ் போதாது. மத்தியப் பட்டியலின்படியான இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ், அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்போடு, நடப்பு நிதியாண்டில் பெற்றதாக இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி. பிரிவினர் பலர் இதை வாங்காததாலேயே அகில இந்தியக் கலந்தாய்வில் பொதுப் பிரிவில் நின்று வெளியேறுகிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கைக்கு வரும்வரை ஆகும் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சான்றிதழ்கள் எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண்தான் குறைந்தது என்றால், கவனம் முழுவதும் எழுதி முடித்த வினாத்தாளின் மேல் திரும்ப வேண்டும். நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, நீங்கள் வட்டங்களை நிரப்பிய ஓ.எம்.ஆர். விடைத்தாளின் படத்தையும் விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது. அவற்றைப் பதிவிறக்கிச் சேமித்து வைத்திருப்பீர்கள்; இல்லையென்றால் வினாத்தாளைக் கொண்டு நினைவிலிருந்தாவது செய்யுங்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று மொத்தம் 180 வினாக்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குறிப்பு எழுத வேண்டும்: பாடமே தெரியாது; பாடம் தெரியும், ஆனால் தவறாகக் கணக்கிட்டேன்; வினாவைத் தவறாக வாசித்தேன்; இரண்டு விடைகளுக்கு இடையே தடுமாறினேன்; நேரம் போதவில்லை; விடை தெரிந்தும் வட்டத்தை மாற்றி நிரப்பினேன். இது சலிப்பூட்டும் வேலைதான். இரண்டு மூன்று நாள்கள் பிடிக்கும், மனத்தையும் வருத்தும். ஆனாலும் ஓராண்டின் திட்டத்தை வேறு எதிலிருந்தும் இவ்வளவு தெளிவாகப் பெற முடியாது.

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறைப்பு என்பதால், தெரிந்த பாடத்தில் செய்த ஒரு தவறு உண்மையில் ஐந்து மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. அத்தகைய தவறுகள் இருபது இருந்தால் நூறு மதிப்பெண். புதிதாக ஒரு பாடத்தையும் படிக்காமலே திரும்பப் பெறக்கூடிய நூறு மதிப்பெண் அது. அப்படிப்பட்ட மாணவருக்கு வகுப்புகளைவிட, நேரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வுகளே தேவை. ‘பாடமே தெரியாது’ என்ற குறிப்புதான் மிகுதி என்றால், அவருக்கு ஆசிரியர் தேவை. இந்த இரண்டு வகை மாணவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஒரே கட்டணம் வாங்கும் மையங்களில் சேரும்போது, உங்கள் தேவை எது என்பதை நீங்கள்தான் அறிந்திருக்க வேண்டும்.

ஊகித்து எழுதுவது பற்றியும் ஒரு சொல். நான்கு தெரிவுகளில் இரண்டைக் காரணத்தோடு நீக்க முடிந்தால் விடையளிப்பது பயன் தரும். பத்து வினாக்களில் ஐந்து சரியாக அமைந்தால் 20 வரவு, 5 செலவு, மிச்சம் 15. எதையும் நீக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் கிடைக்கக்கூடிய மிச்சம் மிகச் சொற்பம்; அந்த நேரத்தை வேறு வினாவுக்குக் கொடுக்கலாம். 2025 முதல் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்களே என்பதையும், முந்தைய ஆண்டுகளில் இருந்த விருப்ப வினாக்கள் நீக்கப்பட்டுவிட்டன என்பதையும் மனத்தில் வைத்துத்தான் மாதிரித் தேர்வுகளை அமைக்க வேண்டும். பழைய முறைப்படி அச்சிட்ட தாள்களில் பழகாதீர்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள், தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்காகச் சுருக்கி வெளியிட்ட பாடத்திட்டத்தை அச்செடுத்து, நம் பாடநூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிட வேண்டும். திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்றவை நம் நூலில் இருந்தாலும் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. நம் நூல் சுருக்கமாகச் சொல்லிச் செல்லும் சில பகுதிகளை மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. நூலில் வரிவரியாக வாசிக்க வேண்டும். குறிப்பாக உயிரியலில் வரைபடங்களின் கீழ் உள்ள குறிப்புகள்வரை. பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஏறத்தாழ பாதி வினாக்களைத் தருகிறது என்பதால், அதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கான படிக்கட்டாக மட்டும் கருதியவர்கள் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. தமிழில் எழுதுவோர் ஆங்கில வடிவத்தையும் வாசிக்கப் பழக வேண்டும்; ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது.

எங்கே இருந்து படிப்பது என்பதை இப்போது முடிவு செய்யலாம். தனியே படிக்கும் ஒழுங்கு உள்ளவருக்கு வீடும், நாகர்கோவில் மாவட்ட மைய நூலகமும், ஒரு நல்ல தேர்வுத் தொடரும் போதும் என்பது என் கருத்து. கடன் வாங்கி விடுதிக்கு அனுப்புவதை, கண்டிப்பான நேர ஒழுங்கு வீட்டில் அமையவே முடியாத நிலையில் மட்டும் எண்ணிப் பாருங்கள். ஓராண்டை முழுமையாக ஒதுக்குவதா, பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதுவதா என்று கேட்பவர்களுக்கு, இரண்டாம் முயற்சிக்கு ஓராண்டை ஒதுக்கலாம், மூன்றாம் முயற்சி என்றால் ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதுங்கள் என்றே சொல்வேன். தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை, உச்ச வயது வரம்பும் இல்லை. ஆகவே வரம்பைக் குடும்பமே முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டும்.

2023 முதல் 2025 வரை தேர்வு மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், கோட்டாறு சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸும் வருவதற்குள் முதல் சுற்றுப் பாடம் முடிந்திருக்க வேண்டும். மண்டைக்காட்டுக் கொடை வரும் மாசி மாதத்தில் முழுத்தாள் தேர்வுகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திருவிழாவுக்கு ஒரு நாள் விடுப்பை அட்டவணையிலேயே எழுதிவைத்தால், போனது பற்றிய குற்றவுணர்வு இல்லாமல் போய்வரலாம்.

இதற்கிடையே மற்ற வாசல்களையும் அறிந்திருங்கள். கோட்டாற்றில் உள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்கும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கும் நீட் மதிப்பெண்தான் அடிப்படை. கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களும், செவிலியம், மருந்தியல் போன்றவையும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின்படி நிரப்பப்படுகின்றன. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றி முகவர்கள் வீடு தேடி வருவார்கள். 2021-இல் வெளியான விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்களும் ஆங்கில வழியிலும் இருக்க வேண்டும். அங்கேயே 12 மாதப் பயிற்சியும், திரும்பியபின் இங்கே மீண்டும் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். இடையில் உரிமத் தேர்வும் உண்டு. இவற்றை எழுத்தில் உறுதிசெய்யாத முகவரிடம் முன்பணம் தர வேண்டாம்.

உறவினர்களின் கேள்விகளுக்குப் பிள்ளையைப் பதில் சொல்ல விடாமல், பெற்றோரே பதில் சொல்லிவிடுவது நல்லது. தூக்கமின்மையோ, உணவில் விருப்பமின்மையோ, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சோ தென்பட்டால் அதைப் படிப்புச் சோர்வு என்று கடந்துவிடாதீர்கள். 104 என்ற தமிழ்நாடு அரசின் எண்ணிலும், மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தேர்வு முடிந்தபின் இரண்டு விண்ணப்பங்கள் தனித்தனியே உண்டு: அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுவிடமும், மாநில ஒதுக்கீட்டின் 85 விழுக்காட்டு இடங்களுக்குச் சென்னை மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவிடமும் பதிய வேண்டும். நீட் எழுதியதாலேயே பெயர் தானாகச் சேர்ந்துவிடாது. கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, வீட்டுக்கு அருகில் என்பதால் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவோர் உண்டு. அதை முதலிடத்தில் வைப்பதில் தவறில்லை. அதன்கீழ் திருநெல்வேலி, தூத்துக்குடி எனத் தொடங்கி, சேர்ந்து படிக்கச் சம்மதமுள்ள எல்லா அரசுக் கல்லூரிகளையும் விருப்ப வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இடத்தை விட்டு விலகினால் வைப்புத்தொகையும் அடுத்த வாய்ப்பும் என்ன ஆகும் என்பது கலந்தாய்வுக்கான தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். பதிவு தொடங்கும் முன் மாணவரும் பெற்றோரும் அந்தப் பகுதியைச் சேர்ந்து உட்கார்ந்து வாசித்துவிட வேண்டும்.